தானியங்கும் பியானோவும் அதன் மறுவாழ்வும்

மேலைநாட்டு இசைக்கருவிகளுள் பியானோவின் வரலாறு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டது. இத்தாலிய நகரமாகிய புளோரன்சில் பர்த்தலோமியோ கிறிஸ்தோபோரி என்பார் 1700 ஆம் ஆண்டளவில் அதனை அமைத்தார். அவ்வரலாற்றில் விந்தையான கிளையொன்று உண்டு. அமர்ந்து வாசிப்பார் எவருமின்றிக் கட்டைகள் தாமே தாழ்ந்தெழ, கடதாசிச் சுருளொன்று மெல்ல உருள, முழுமையான இசை பிறக்கும் தானியங்கும் பியானோவே அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க, ஐரோப்பிய இல்லங்களில் வீற்றிருந்த அக்கருவி முப்பதே ஆண்டுகளில் கைவிடப்பட்டது. கைவிடப்பட்டதை மீட்டெடுக்க முயன்றவர்கள் எதிர்கொண்ட இடர்களும், அம்முயற்சி எழுப்பிய வினாக்களும் அதன் தோற்ற வரலாற்றைப் போலவே அறியத்தக்கவை.

இக்கருவியின் மூதாதையைத் தேடிச் செல்வோர் இசையரங்கிற்குச் செல்வதில்லை. நெசவுச்சாலைக்கே செல்ல வேண்டும். பிரான்சு நாட்டின் லியோன் நகரில் 1725 ஆம் ஆண்டில் பசில் பூஷோன் என்பார் துளையிட்ட கடதாசியைக்கொண்டு தறியின் நூல்களைத் தெரிந்தெடுக்கும் முறையைக் கண்டார். 1804 ஆம் ஆண்டில் யோசேப் மரி ஜக்கார் துளையிட்ட அட்டைகளால் இயங்கும் தறியை நிறைவுசெய்தார். துளை உள்ள இடத்தில் ஒரு செயல், துளை இல்லாத இடத்தில் செயலின்மை என்பதே அதன் அடிப்படை. பட்டில் பூவேலை செய்யப் பயன்பட்ட அவ்விதி இசைக்கும் பொருந்தும் என்பதை அடுத்த தலைமுறையினர் கண்டுகொண்டனர். 1863 ஆம் ஆண்டில் பிரான்சைச் சேர்ந்த ஆன்றி பூர்னோ, காற்றின் வலியால் பியானோவை இயக்கும் ‘பியானிஸ்தா’ என்னும் பொறிக்கு உரிமை பெற்றார். அது 1876 ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரில் நடந்த பெருங்கண்காட்சியில் வைக்கப்பட்டது.

ஆயினும் பொதுமக்கள் விரும்பி வாங்கத்தக்க பொறியை உருவாக்கியவர் அமெரிக்கரான எட்வின் ஸ்கொற் வோற்றி ஆவார். 1895 ஆம் ஆண்டில் அவர் அமைத்த பொறி ஒரு தனிப் பெட்டியாக இருந்தது. அதைப் பியானோவின் முன்னால் தள்ளி வைத்தால், கம்பளி போர்த்த மரவிரல்கள் கட்டைகளை அழுத்தும். ‘பியானோலா’ என்று அதற்குப் பெயர். ஏயோலியன் கம்பனியார் அதனை விற்பனை செய்தனர். 1900 ஆம் ஆண்டில் உரிமைப்பத்திரமும் கிடைத்தது. பின்னர்ப் பொறி முழுவதும் பியானோவின் உள்ளேயே பொருத்தப்பட்டது. ஒரு கம்பனியின் சுருள் மற்றொரு கம்பனியின் கருவிக்குப் பொருந்தாதிருந்த குழப்பமும் நீண்ட காலம் நிலைக்கவில்லை. 1908 ஆம் ஆண்டு பவலோ நகரில் கூடிய உற்பத்தியாளர்கள், சுருளின் அகலம் 11¼ அங்குலம், எண்பத்தெட்டுச் சுரக் கருவிக்கு அங்குலமொன்றில் 9 துளைகள் என அளவுகளை வரையறுத்தனர். அதனாலேயே அன்று துளையிட்ட சுருளை இன்று திருத்தப்படும் கருவியிலும் இசைக்க முடிகிறது.

இப்பொறி இயங்கும் விதத்தை அறிந்தாலன்றி அதன் நோயை அறிய இயலாது. ஆர்மோனியத்தை அறிந்த நேயர்க்கு இது எளிதில் விளங்கும். ஆர்மோனியத்தின் துருத்தி காற்றை அழுத்தி நாக்குகளின் வழியே வெளியே தள்ளுகிறது. தானியங்கும் பியானோவிலோ துருத்திகள் காற்றை உள்ளிருந்து உறிஞ்சி எடுக்கின்றன. கால்மிதிகளை மாறிமாறி மிதிக்கும்போது பெட்டியினுள் காற்றழுத்தம் குறைகிறது. சுருள், துளைகள் வரிசையாக அமைந்த பித்தளைச் சட்டமொன்றின் மேல் நகர்ந்து செல்கிறது. கடதாசியின் துளை சட்டத்தின் துளைக்கு நேராக வந்தவுடன் வெளிக்காற்று குழாயினுள் புகுந்து, மெல்லிய தோற்சவ்வொன்றை உயர்த்துகிறது. சவ்வு ஒரு வால்வை எழுப்புகிறது. வால்வு திறந்ததும், அச்சுரத்திற்குரிய சிறு துருத்தியிலிருந்து காற்று உறிஞ்சப்பட்டு, அது சட்டென மூடிக்கொள்கிறது. அம்மூடும் அசைவே சுத்தியலைத் தந்தியின்மேல் எறிகிறது. துளை கடந்து சென்றபின், குழாயினுள் எஞ்சிய காற்று ஊசிமுனையளவான ஒரு கசிவுத்துளை வழியே வெளியேற, சவ்வு தாழ்கிறது, சுரம் ஓய்கிறது. இவ்வளவும் ஒரு நொடியின் சிறு பங்கிற்குள் நடைபெறும். இத்தகைய தொகுதிகள் எண்பத்தெட்டு ஒரே கருவியினுள் உள்ளன.

சாதாரணக் கருவியில் சுரங்களை மட்டுமே சுருள் தரும். வலிமை, மென்மை, விரைவு, தாமதம் யாவும் மிதிப்பவரின் காலிலும் நெம்புகோல்களைப் பற்றிய கையிலும் இருந்தன. அக்குறையை நீக்க ஜெர்மனியின் பிரைபர்க் நகரத்து வெல்ற்றே நிறுவனத்தினர் முயன்றனர். எட்வின் வெல்ற்றேயும் கார்ல் பொக்கிஷும் உருவாக்கிய ‘வெல்ற்றே மின்யோன்’ 1904 ஆம் ஆண்டில் வெளிவந்தது. இசைஞர் ஒருவர் வாசித்தபோது கட்டைகளை எவ்வளவு வன்மையாக, எவ்வளவு மென்மையாகத் தொட்டார் என்பதையும் அதன் சுருளின் ஓரத்துளைகள் குறித்து வைத்தன. சன்சான்ஸ், கிறீக், டெபுசி முதலானோர் அதற்கென வாசித்தனர். குஸ்தாவ் மாலர் 1905 நவம்பரில் லைப்சிக் நகரில் தம் படைப்புக்களில் நான்கினை வாசித்துப் பதிவுசெய்தார். பிற்காலத்தில் அமெரிக்காவில் எழுந்த ‘டுவோ ஆர்ட்’, ‘அம்பிக்கோ’ என்னும் முறைகளும் இதே வழியைப் பின்பற்றின. ரஷ்ய மேதையாகிய றக்மானினோவ் அம்பிக்கோவுக்காக வாசித்தார்.

இக்கருவி நீதிமன்றத்தையும் எட்டியது. இசையமைத்தவரின் அனுமதியின்றிச் சுருள் துளைப்பது குற்றமா என்ற வழக்கில், சுருளை மனிதக் கண்ணால் இசையாகப் படிக்க இயலாது. ஆதலின் அது இசைநூலின் பிரதி ஆகாது என 1908 ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே அந்நாட்டின் சட்டமன்றம் புதிய சட்டமியற்றி, இயந்திரத்தால் இசைக்கப்படும் ஒவ்வொரு பிரதிக்கும் இரண்டு சதம் ஆசிரியருக்கு உரியது என விதித்தது. பிற்கால இசைத்தட்டுக்களுக்கும் வழிகாட்டிய சட்டம் கடதாசிச் சுருளால் பிறந்தது.

1923 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உற்பத்தியான பியானோக்களுள் பாதிக்கு மேற்பட்டவை தானியங்குவன. அதுவே உச்சம், அதன்பின் வீழ்ச்சி. 1920 நவம்பரில் பிற்ஸ்பர்க் நகரில் முறையான வானொலி ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. 1925 இல் மின்சார முறையிலான இசைத்தட்டுப் பதிவு வந்தது. அவ்வாண்டு டிசம்பரில் கொழும்பிலிருந்தும் வானொலி பேசத் தொடங்கிற்று. மிதிக்க வேண்டாம், சுருள் மாற்ற வேண்டாம். ஒரு குமிழைத் திருப்பினால் இசை கேட்கும். 1929 ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சி எஞ்சியதையும் முடித்துவைத்தது. தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. 1944 நவம்பரில் பிரைபர்க் நகரின்மீது பொழிந்த குண்டுகள் வெல்ற்றே தொழிற்சாலையை அழித்தன.

வீடுகளில் எஞ்சிய கருவிகளின் கதி இரங்கத்தக்கது. துருத்திகள் கிழிந்தபோது அவற்றைத் திருத்துவோர் இல்லை. சுருதி கூட்ட வந்தவர் வேலை எளிதாகட்டும் என்று உள்ளிருந்த பொறியைப் பிடுங்கி எறிவது வழக்கமாயிற்று. வேறு பல, நிலக்கீழ் அறைகளிலும் கொட்டில்களிலும் ஈரத்தில் நின்றன. அவற்றைத் தேடி மீட்கும் ஆர்வம் இரண்டாம் உலகப்போருக்குப் பின்னரே தலைதூக்கியது. இங்கிலாந்தில் 1959 இல் தானியங்கும் பியானோ ஆர்வலர் குழு தோன்றியது. 1963 இல் பிராங் ஹொலண்ட் என்பார் இலண்டனை அடுத்த பிரென்ற்போர்டில் பழைய தேவாலயமொன்றில் இக்கருவிகளுக்கென அருங்காட்சியகம் நிறுவினார். அதே ஆண்டு அமெரிக்காவில் லாரி கிவன்ஸ் எழுதிய மறுசீரமைப்புக் கைந்நூல் வெளிவந்தது. மறந்துபோன தொழிலொன்று மீண்டும் கற்கப்படலாயிற்று.

அத்தொழிலில் இறங்கியோர் முதலிற் கற்ற பாடம் ஒன்றுண்டு. தானியங்கும் பியானோவுக்கு உடல்கள் இரண்டு. ஒன்று சுமை தாங்கும் உடல். மற்றது மூச்சு விடும் உடல். தோலும் துணியும் குழாயுமாகிய மூச்சுடல் பார்ப்பவரின் ஆவலைத் தூண்டும். புதிதாக வருவோர் அதனையே முதலிற் பிரித்து, மாதக்கணக்கில் துருத்திகளுக்குத் துணி ஒட்டுவர். எல்லாம் முடிந்து சுருதி கூட்ட முனையும்போதுதான், சுமை தாங்கும் உடல் பிளந்திருப்பது தெரியவரும். அப்போது உழைப்பு முழுவதும் வீணாகும்.

சுமை எத்தகையது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒரு பியானோவில் ஏறத்தாழ 230 தந்திகள் உள்ளன. அவை அனைத்தும் சேர்ந்து இழுக்கும் விசை சுமார் 18 தொன். இவ்விழுவையை மரம் மட்டும் தாங்காது. ஆதலின் பொஸ்ரன் நகரத்து அல்பியஸ் பாப்கொக் 1825 ஆம் ஆண்டில் ஒரே வார்ப்பாலான இரும்புச் சட்டத்திற்கு உரிமை பெற்றார். தந்திகளின் ஒரு முனை அச்சட்டத்தில் மாட்டப்பட்டிருக்கும். மறுமுனை இரும்பு முளைகளிற் சுற்றப்பட்டிருக்கும். வீணையின் பிருடையைப் போன்ற அம்முளைகள், பல அடுக்குக் கடுமரத்தால் ஆன பலகையொன்றின் துளைகளில் உராய்வினால் மட்டுமே இறுகி நிற்கின்றன. அப்பலகை பின்புறத்து மரச்சட்டத்தோடு வச்சிரப்பசையால் ஒட்டப்பட்டிருக்கும்.

ஈரம் இவற்றின் பகை. ஆண்டுதோறும் மரம் ஈரத்தால் விரிந்து, வறட்சியால் சுருங்கும். வச்சிரம் இளகும். பதினெட்டுத் தொன் இழுவை ஓயாது வேலை செய்துகொண்டிருக்க, நிமிர்ந்த பியானோவின் மேற்புறத்தில் முளைப்பலகை பின்சட்டத்தை விட்டு மெல்ல விலகும். மூடியைத் திறந்து மேலிருந்து நோக்கினால் ஒட்டு விட்ட இடத்தில் ஓர் இடைவெளி தெரியும். கருவி சுருதியில் நில்லாமைக்கு அதுவே காரணமாதலும் உண்டு.

இதற்குரிய சிகிச்சை முறை இப்போது தெளிவாக வகுக்கப்பட்டுள்ளது. முதலில் தந்திகள் அனைத்தும் சிறிது சிறிதாக, கருவியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை சமமாகத் தளர்த்தப்படுகின்றன. ஒரு பக்கத்தை மட்டும் சடுதியாக விடுவித்தால் இரும்புச் சட்டமே வெடிக்கலாம். அடுத்து, பிளவினுள் உள்ள பழைய பசையும் அழுக்கும் அகற்றப்படும். புதிய பசை இட்டு, வலிய இறுக்கிகளால் இடைவெளி மூடப்படும். அதன்மேலும் நம்பிக்கை வைக்காது, இரும்புச் சட்டம், முளைப்பலகை, பின்சட்டம் மூன்றையும் ஊடுருவிச் செல்லுமாறு நீண்ட மரையாணிகள் முடுக்கப்படும். தந்திகளை மீண்டும் ஏற்றுவதும் ஒரே நாளில் அன்று. பலமுறை, படிப்படியாக, உரிய சுருதிக்கு உயர்த்துவர்.

எல்லாப் பிளவுகளும் கொடியன அல்ல என்பதையும் அறிதல் வேண்டும். ஸ்புரூஸ் மரத்தாலான ஒலிப்பலகையில் வெடிப்புக் காணப்பட்டாலே கருவி இறந்துவிட்டது என்று கருதியோர் பலர். பலகையின் வளைவு கெடாமலும், பின்னால் உள்ள விலாச்சட்டங்கள் ஒட்டு விடாமலும் இருப்பின், வெடிப்பில் அதே மரத்தின் மெல்லிய சீவலைச் செருகி ஒட்டினால் போதும். இரும்புச் சட்டத்தின் விரிசல் இதற்கு நேர்மாறானது. வார்ப்பிரும்பை உருக்கி ஒட்ட முயன்றால், ஓரிடம் சூடாகி மற்றோரிடம் குளிர்ந்திருக்க, புதிய விரிசல்கள் தோன்றும். ஆதலின் சூடேற்றாமல், விரிசலின் நெடுகத் துளையிட்டு உலோகத் தையல் போடும் முறையையும் கையாளுகின்றனர். அதுவும் எப்போதும் நிலைப்பதில்லை. சட்டம் முறிந்த பல கருவிகள் பிற கருவிகளுக்கு உறுப்புத் தானம் செய்து முடிந்தன.

சுமையுடல் உறுதியான பின்னரே மூச்சுடலின் முறை வருகிறது. ஒவ்வோர் உறுப்பையும் கழற்றுமுன் இலக்கமிட்டு வரைந்துகொள்வர். இரண்டு குழாய்கள் இடம் மாறினால் இரண்டு சுரங்கள் இடம் மாறிவிடும். இறப்பர் பூசிய பழைய துணி தகரம்போல் விறைத்திருக்கும். தோற்சவ்வுகள் காற்றை ஒழுகவிடும். ஈயக் குழாய்கள் வெண்பொடி பூத்து அடைபட்டிருக்கும். எண்பத்தெட்டுச் சிறு துருத்திகளுக்கும் புதுத்துணி, எண்பத்தெட்டுச் சவ்வுகளுக்கும் புதுத்தோல் வேண்டும். வால்வு எழுந்து தாழும் இடைவெளி ஓரங்குலத்தின் முப்பத்திரண்டில் ஒரு பங்களவே. அது மிகுந்தால் காற்று வீணாகும். குறைந்தால் சுரம் சோரும். ஈற்றில் இதற்கென்றே துளையிட்ட பரீட்சைச் சுருளை ஓடவிட்டு, ஒவ்வொரு சுரமும் விரைந்து விடையளிக்கின்றதா எனச் சோதிப்பர். 70 எனக் குறிக்கப்பட்ட சுருள் நிமிடத்துக்கு 7 அடி ஓட வேண்டும். அதனையும் கடிகாரத்தை வைத்து அளப்பர்.

இவ்விடத்தில் பசையைப் பற்றிய ஒரு செய்தி குறிப்பிடத்தக்கது. பழைய தொழிலாளர் வச்சிரத்தையே பயன்படுத்தினர். வெப்பமும் ஈரமும் பட்டால் அது இளகும்; உறுப்புக்களைச் சேதமின்றிப் பிரிக்கலாம். என்றாவது ஒருநாள் துணி மாற்ற நேரும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். பிற்காலத்தில் வந்த சிலர், உறுதி கருதிச் செயற்கைப் பசைகளை இட்டனர். அவற்றுட் சில மரத்தைக் கிழித்தாலன்றிப் பிரியா. பழுதாலும் பூச்சியாலும் கெட்டதைவிட நல்லெண்ணத்தோடு செய்த இத்தகைய திருத்தத்தாற் கெட்ட கருவிகளும் உண்டு. ஆகவே, முளைப்பலகை போன்று சுமை தாங்கும் ஒட்டுக்களில் நிலையான பசையையும், துருத்தி போன்று தேய்ந்து மாற வேண்டிய ஒட்டுக்களில் வச்சிரத்தையும் இடுவதே அறிந்தோர் வழக்கம். தமக்குப்பின் வருபவரும் இதனைத் திறப்பார் என்ற நினைவே அவ்வழக்கத்தின் அடிப்படையாகும்.

இதனினும் கடினமான வினாவொன்று எஞ்சுகிறது. தோல், துணி, தந்தி, முளை யாவும் புதியன என்றால், எஞ்சிய கருவி பழையதா? அருங்காட்சியகங்கள் சில, அரிய கருவிகளைத் திருத்தாமலே பேணுகின்றன. முதற்றொழிலாளி ஒட்டிய துணியும் அவன் தெரிந்த தோலும் வரலாற்றுச் சான்றுகள். ஒருமுறை உரித்தபின் அவை மீளா என்பது அவர்கள் வாதம். மற்றொரு சாரார், இசைக்காத இசைக்கருவி வெறும் தளபாடமே என்பர். இரு திறத்தாரிடமும் நியாயம் உண்டு. நற்றொழிலாளர் நடுவழியொன்றைக் கண்டனர். கழற்றிய துணி, தோல் ஆகியவற்றின் மாதிரிகளையும், செய்த வேலையின் குறிப்பையும் கருவியின் உள்ளேயே வைத்து மூடுவதே அவ்வழி.

இவ்வினா வெறும் தச்சுத் தகராறு அன்று. மாலர் தம் கைகளால் பியானோ வாசித்ததற்கு லைப்சிக் சுருள்கள் நான்கைத் தவிர வேறு ஒலிச்சான்று இல்லை. அவருடைய ஐந்தாம் சிம்பொனியின் முதற்பகுதியை அவர் எவ்வாறு எண்ணினார் என்பதற்குச் செவிப்புலச் சாட்சி அச்சுருளே. ஆனால் சுருள் தானாகப் பேசாது. தோல் சற்றுத் தடித்ததாயின், மாலர் மென்மையாகத் தொட்ட சுரம் ஒலிக்காமலே போகும். காற்றியந்திரம் விரைந்தால் அவர் நிதானமாக வாசித்தது அவசரமாகக் கேட்கும். அவ்வாறு பிழைபட்ட கருவிகளைக் கேட்டு, அந்நாளைய மேதைகள் இயந்திரம்போல வாசித்தனர் என்று முடிவுகட்டியோரும் இருந்தனர். பழுது கருவியினுடையது, பழி இசைஞருக்கு.

சுருள்களும் நிலையானவை அல்ல. அமிலம் கலந்த கடதாசி பழுத்து, ஓரம் கிழிந்து பொடியாகிறது. அதனால் அவற்றை ஒளிப்படமாக்கிக் கணினியில் சேமிக்கும் பணி நடைபெற்று வருகிறது. அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகம் 2014 ஆம் ஆண்டில் சிட்னி நகரத்திலிருந்து ஏழாயிரத்துக்கு மேற்பட்ட சுருள்களைக் கொண்ட தொகுதியொன்றைப் பெற்று இப்பணியை மேற்கொண்டது. துளைகள் எவ்விடத்தில் உள்ளன என்பதைக் கணினி பிழையின்றிக் கணிக்கும். அத்துளையின் வழி புகுந்த காற்று எவ்வளவு வலிமையோடு சுத்தியலை எறிந்தது என்பதை அறியவோ, செவ்வனே திருத்தப்பட்ட கருவியே அளவுகோலாக வேண்டியிருக்கிறது.

ஆகவே, ஈரக்கொட்டிலில் பிளந்து நிற்கும் பழைய பியானோவை மீட்பதா, விறகாக்குவதா என்று தீர்மானிப்பவர், ஒரு தளபாடத்தின் விலையை மட்டும் எண்ணிப் பார்த்தல் போதாது. அவற்றுட் பெரும்பாலானவை சாதாரணக் கருவிகள். எல்லாவற்றையும் காத்தல் இயலாது, காக்க வேண்டியதும் இல்லை. ஆயினும் முதலில் மூடியைத் திறந்து, முளைப்பலகையின் பின்னால் இடைவெளி உண்டா எனப் பார்க்கலாம். இரும்புச் சட்டம் முழுமையாக உள்ளதா எனத் தடவி நோக்கலாம். உள்ளே பொறி எஞ்சியுள்ளதா, அது எவ்வகையினது என அறியலாம். இவ்வளவும் செய்ய ஒரு கைவிளக்கும் அரைமணி நேரமும் போதும். அந்த அரைமணி நேரத்தைச் செலவிடாமையாலேயே, பிடுங்கி எறியப்பட்ட பொறிகள் பல மீளாமற் போயின.